புற்றுநோயின் நிலையும் தரமும்: இரண்டு அளவுகோல்களின் வரலாறும் வரம்பும்

புற்றுநோய் என்று உறுதிசெய்யப்பட்ட ஒருவரின் மருத்துவக் கோப்பில் இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் இடம்பெறுகின்றன. நோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கூறுவது நிலை. கட்டியின் செல்கள் தாம் தோன்றிய இயல்பான திசுவிலிருந்து எந்த அளவுக்குத் திரிந்துபோயிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் கூறுவது தரம். நிலையை மருத்துவரின் விரலும் ஸ்கேன் கருவியும் அறுவைக் கத்தியும் சேர்ந்து கண்டறிகின்றன; தரத்தை நோயியல் வல்லுநர் நுண்ணோக்கியின் கீழ்த் திசுவைப் பார்த்து முடிவு செய்கிறார். இரண்டும் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வரையிலான எண்களிலேயே எழுதப்படுவதால், பயாப்ஸி அறிக்கையில் 'மூன்றாம் தரம்' என்று கண்டவுடன் நோய் மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது என்று நோயாளியின் குடும்பத்தார் கலங்குவதுண்டு. உண்மையில் ஒரு சென்டிமீட்டர்கூட வளராத, எங்கும் பரவாத கட்டி மூன்றாம் தரத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். பல உறுப்புகளுக்குப் பரவிவிட்ட கட்டி முதல் தரத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். இவ்விரண்டு அளவுகோல்களையும் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுவதற்காக மருத்துவர்கள் கூடிப் பேசி வகுத்துக்கொண்ட உடன்பாடுகள் என்று கொண்டால்தான், இவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுவதன் காரணமும், திருத்தம் ஒவ்வொன்றும் கிளப்பும் சர்ச்சையும் விளங்கும்.

இந்த உடன்பாட்டின் தேவை முதலில் உணரப்பட்டது கருப்பை வாய்ப் புற்றுநோயில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியம் புதிய சிகிச்சையாக வந்தபோது, ஸ்டாக்ஹோம், பாரிஸ், மியூனிக் ஆகிய நகரங்களின் மருத்துவ மையங்கள் தத்தம் முறையில் நோயாளிகளுக்குக் கதிர்வீச்சு அளித்து, தத்தம் வெற்றி விகிதங்களை வெளியிட்டன. அறுவை மருத்துவர்களும் தங்கள் கணக்கை முன்வைத்தனர். ஆனால் ஒரு மையம் தொடக்க நோயாளிகளை மட்டும் ஏற்று, மற்றொரு மையம் முற்றிய நோயாளிகளையும் ஏற்றிருந்தால், இரண்டின் விகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க, முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த சர்வதேசச் சங்கத்தின் சுகாதாரப் பிரிவு வல்லுநர் குழுவொன்றை அமைத்து, 1929ஆம் ஆண்டில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு நான்கு நிலைகளை வகுத்தது. அப்பொறுப்பு பிற்காலத்தில், ஃபிகோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு மகளிர் நோயியல், மகப்பேற்றியல் கூட்டமைப்பின் கைக்கு வந்தது.

அந்த நான்கு நிலைகளின் கட்டமைப்பு இன்றும் பெரிதும் மாறவில்லை. கட்டி கருப்பை வாய்க்குள் அடங்கியிருந்தால் முதல் நிலை. அதைத் தாண்டிப் பிறப்புறுப்புப் பாதையின் மேற்பகுதிக்கோ, கருப்பை வாயின் இரு பக்கங்களிலும் உள்ள இணைப்புத் திசுவுக்கோ பரவியிருந்தால் இரண்டாம் நிலை. இடுப்பெலும்புச் சுவர்வரை எட்டிவிட்டாலோ, சிறுநீர்க் குழாயை நெருக்கிச் சிறுநீரகத்தை வீங்கச் செய்திருந்தாலோ மூன்றாம் நிலை. சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றின் உட்சவ்வுக்கோ தொலைவிலுள்ள உறுப்புகளுக்கோ சென்றுவிட்டால் நான்காம் நிலை. இவற்றுள் பக்கவாட்டுத் திசு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பது நடைமுறையில் மிக முக்கியமான கேள்வி. ஏனெனில் அது பாதிக்கப்படாதவரை அறுவைச் சிகிச்சைக்கு இடமுண்டு, பாதிக்கப்பட்டபின் கதிர்வீச்சும் அதனோடு சேர்த்துத் தரப்படும் கீமோதெரபியுமே வழி. இக்கேள்விக்கு விடை காண, மருத்துவர் ஒரு விரலைப் பிறப்புறுப்பிலும் மற்றொரு விரலை மலக்குடலிலும் செலுத்தி, இடையிலுள்ள திசு நெகிழ்வாக இருக்கிறதா, கட்டிதட்டி இறுகியிருக்கிறதா, அந்த இறுக்கம் எலும்புச் சுவர்வரை தொடர்கிறதா, அல்லது இடையில் விரல் நுழையும் இடைவெளி மிஞ்சியிருக்கிறதா என்று தொட்டுணர்கிறார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு இந்தத் தொட்டுணர்தலே அந்நோயின் நிலையைத் தீர்மானித்தது.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் பரவலான பின்னரும் ஃபிகோ அவற்றின் முடிவுகளை நிலை நிர்ணயத்தில் நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருப்பது நோயாளியின் ஆயுளைப் பெரிதும் பாதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அதற்கும் நிலைப் பட்டியலில் இடமில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பழமைப் பிடிவாதம் என்று தோன்றும் இம்முடிவுக்கு வலுவான நியாயம் இருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் வாழ்வது ஸ்கேன் வசதி குறைந்த ஏழை நாடுகளில். பணக்கார நாட்டின் கருவியை நிபந்தனையாக்கினால், நோய் மிகுந்த நாடுகளே கணக்கிலிருந்து வெளியேறிவிடும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஃபிகோ இறங்கிவந்தது: வசதி உள்ள இடங்களில் ஸ்கேன், திசு ஆய்வு முடிவுகளைப் பயன்படுத்தலாம் என்றும், நிணநீர்க் கணுக்களில் பரவல் தெரிந்தால் கட்டி சிறியதாயினும் மூன்றாம் நிலையின் தனி உட்பிரிவில் சேர்க்க வேண்டும் என்றும், அந்த முடிவு ஸ்கேனால் வந்ததா, திசு ஆய்வால் வந்ததா என்பதை எழுத்துக் குறியால் காட்ட வேண்டும் என்றும் விதித்தது. சான்றின் தன்மையையே நிலையோடு சேர்த்து எழுதச் சொன்ன இந்த ஏற்பாடு, முழுத் துல்லியத்துக்கும் உலகப் பொதுமைக்கும் இடையே காணப்பட்ட நேர்மையான சமரசம் எனலாம்.

மற்ற உறுப்புகளுக்கான வகைப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. லண்டனிலுள்ள புனித மார்க் மருத்துவமனையின் நோயியலாளர் கத்பர்ட் டியூக்ஸ், மலக்குடல் புற்றுநோயை அது குடற்சுவரில் ஊடுருவிய ஆழத்தையும் நிணநீர்க் கணுப் பரவலையும் கொண்டு மூன்று வகுப்புகளாக 1932இல் பிரித்தார். ஆனால் எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும் ஒரே இலக்கணத்தை அமைத்தவர் பிரான்சின் கஸ்தாவ் ரூசி நிலையத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பியேர் தெனுவா. 1943க்கும் 1952க்கும் இடையில் அவர் வகுத்த டி.என்.எம். முறையைப் பன்னாட்டுப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியம் ஏற்று, 1968இல் முதல் கையேடாக வெளியிட்டது. 1959இல் தொடங்கப்பட்ட, புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழு தன் முதல் கையேட்டை 1977இல் கொண்டுவந்தது. தொடக்கத்தில் முரண்பட்ட இரு கையேடுகளும் பின்னர் ஒத்திசைக்கப்பட்டன.

இம்முறையில் டி என்பது முதலில் தோன்றிய கட்டியையும், என் என்பது அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும், எம் என்பது தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு நோய் பரவியிருப்பதையும் குறிக்கும். எழுத்தையடுத்து வரும் எண் அதன் அளவைச் சொல்லும். மார்பகத்தில் 2 செ.மீ. வரையிலான கட்டி டி1, அதற்கு மேல் 5 செ.மீ. வரை டி2, அதற்கும் மேல் டி3, மார்புச் சுவரையோ தோலையோ பற்றிவிட்டால் அளவு எதுவாயினும் டி4. பெருங்குடலில் கட்டியின் குறுக்களவு கணக்கில் இல்லை. அங்கே குடற்சுவரின் எந்த அடுக்குவரை ஊடுருவியிருக்கிறது என்பதே டி-யின் எண்ணைத் தீர்மானிக்கிறது. ஸ்கேனும் உடற்பரிசோதனையும் தந்த முடிவுக்கு ஒரு முன்னெழுத்தும், அறுவைக்குப் பின் திசுவை ஆய்ந்து கண்ட முடிவுக்கு வேறொன்றும், முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின் மதிப்பிட்டதற்கு இன்னொன்றும் சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு கிடைக்கும் டி, என், எம் சேர்க்கைகள் ஏராளம் என்பதால், ஆயுள் வாய்ப்பில் ஏறத்தாழ ஒத்திருப்பவை நான்கு பெரு நிலைகளாகத் தொகுக்கப்படுகின்றன. நோயாளிகள் காதில் விழும் 'இரண்டாம் நிலை', 'மூன்றாம் நிலை' என்பவை இந்தத் தொகுப்பின் விளைவுகளே.

ஒரு திருத்தம் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதை, இந்திய ஆண்களிடையே முதலிடம் வகிக்கும் வாய்ப் புற்றுநோயில் காணலாம். டி.என்.எம். கையேட்டின் ஏழாம் பதிப்புவரை நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ உள்ள புண்ணின் அகலமே முதன்மை அளவாக இருந்தது. ஆனால் அகலமாகப் படர்ந்து மேலோட்டமாக நிற்கும் புண்ணைவிட, சிறிதாகத் தோன்றி ஆழமாக இறங்கும் புண்தான் கழுத்துக் கணுக்களுக்கு எளிதில் பரவுகிறது. எனவே 2017இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு, ஊடுருவல் ஆழத்தை அளவுகோலில் சேர்த்தது: 1.5 செ.மீ. அகலமே உள்ள நாக்குப் புண் 8 மி.மீ. ஆழத்துக்கு இறங்கியிருந்தால், முன்பு டி1 ஆக இருந்தது இப்போது டி2. இந்த ஆழத்தைப் புண்ணின் மேற்பரப்பிலிருந்து அளக்கக் கூடாது. அருகிலுள்ள நல்ல சவ்வின் அடித்தளப் படலத்தின் மட்டத்தைக் கிடைக்கோடாகக் கொண்டு, அதிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். மேலே முண்டி வளர்ந்த பகுதி கணக்கில் சேர்ந்துவிடாமலும், குழிந்துபோன பகுதி விடுபட்டுவிடாமலும் இருக்கவே இந்த விதி.

நிலையின் எண் உயர உயர நோயாளியின் வாய்ப்பு குறையும் என்பது பொது விதி. ஆனால் விதிவிலக்குகள் பல. பெருங்குடலில் ஒரு நிணநீர்க் கணுவில் நோய் இருந்தாலே மூன்றாம் நிலை. எனினும், கட்டி குடற்சுவரின் மேலடுக்கில் நின்று ஒன்றிரண்டு கணுக்களில் மட்டும் பரவியிருப்பவர்கள், கட்டி சுவரைத் துளைத்து அண்டை உறுப்பைப் பற்றிக்கொண்டும் கணுக்கள் தூய்மையாக இருப்பதால் இரண்டாம் நிலையில் சேர்க்கப்பட்டவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதை அமெரிக்கப் பதிவேட்டுத் தரவுகள் காட்டின. மூன்றாம் நிலையினருக்குக் கீமோதெரபி வழக்கமாகக் கொடுக்கப்படுவது இதற்கு ஒரு காரணம். நிலையே சிகிச்சையைத் தீர்மானிக்க, சிகிச்சை ஆயுளை மாற்ற, அந்த ஆயுளைக் கொண்டே அடுத்த பதிப்பின் நிலைகள் சரிபார்க்கப்படுகின்றன என்ற வட்டத்திலிருந்து இம்முறை ஒருபோதும் முழுமையாக வெளிவர இயலாது. தைராய்டுச் சுரப்பியின் பொதுவான புற்றுநோய் வகைகளிலோ 55 வயதுக்குக் குறைந்தவருக்கு நுரையீரல்வரை நோய் பரவியிருந்தாலும் அது இரண்டாம் நிலையைத் தாண்டுவதில்லை. அதே சுரப்பியில் தோன்றும், செல் அமைப்பு முற்றிலும் சிதைந்த அரிய வகையோ எவ்வளவு சிறியதாயினும் நேரே நான்காம் நிலை. இவற்றையெல்லாம்விட வியப்பூட்டுவது, கைக்குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா. கல்லீரல், தோல், எலும்பு மச்சை ஆகியவற்றில் பரவியிருந்தும், சிகிச்சையே இல்லாமல் தானாகக் கரைந்துபோகக்கூடிய ஒரு வகைக்காக அந்நோயின் நிலைப் பட்டியலில் தனி வகுப்பே வைக்கப்பட்டிருக்கிறது.

ரத்தப் புற்றுநோய்கள் இந்த இலக்கணத்துக்குள் வருவதில்லை. லுகேமியா தொடக்கத்திலேயே உடலெங்கும் சுற்றுவது என்பதால் அதற்கு டி, என், எம் எதுவும் பொருந்தாது. நிணநீர்க் கணுக்களிலேயே தோன்றும் லிம்போமாவுக்கு, நோய் உதரவிதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளதா, இரு பக்கங்களிலும் உள்ளதா என்பதை மையமாகக் கொண்ட ஆன் ஆர்பர் முறை 1971இல் வகுக்கப்பட்டது. காய்ச்சல், இரவில் உடைகளை நனைக்கும் வியர்வை, ஆறு மாதத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் எடைக் குறைவு ஆகிய அறிகுறிகளும் அதில் குறிக்கப்பட்டன.

தரத்தின் வரலாறு வேறு பாதையில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினின் நோயியலாளர் டேவிட் ஃபான் ஹான்சமான், புற்றுச் செல்கள் தம் இயல்பான வடிவத்தை இழந்துவிடுவதை விவரித்தார். அந்த இழப்பை எண்ணாக்கியவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆல்பர்ட் பிராடர்ஸ். உதட்டுப் புற்றுநோயில் இயல்பை ஒத்த செல்கள் முக்கால் பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு என்று குறையக் குறைய நோய் கொடியதாவதை அவர் 1920இல் காட்டினார். அதன்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனித் தர முறைகள் எழுந்தன. அவற்றுள் மார்பகத்துக்குரியது, 1957இல் புளூம், ரிச்சர்ட்சன் இருவரும் அமைத்து, 1991இல் நாட்டிங்காமின் எல்ஸ்டனும் எல்லிசும் செம்மைப்படுத்தியது. அதன்படி நோயியல் வல்லுநர் மூன்று கேள்விகளுக்கு ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் இடுகிறார்: செல்கள் இன்னும் குழாய் வடிவில் கூடி நிற்கின்றனவா, உட்கருக்கள் அளவிலும் வடிவிலும் எவ்வளவு தாறுமாறாக உள்ளன, இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை. குழாய்கள் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் ஒரு மதிப்பெண், பத்தில் ஒரு பங்கும் இல்லையென்றால் மூன்று. பிரியும் செல்களைக் கட்டியின் ஓரத்தில், அவை மிகுதியாகத் தெரியும் இடத்தில், உயர் உருப்பெருக்கத்தில் பத்துப் பார்வைப் புலங்களில் எண்ண வேண்டும். நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி அப்புலத்தின் விட்டம் வேறுபடுவதால், விட்டத்துக்கு ஏற்ற அட்டவணையைப் பார்த்தே மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை ஐந்து வரை முதல் தரம், ஆறும் ஏழும் இரண்டாம் தரம், எட்டும் ஒன்பதும் மூன்றாம் தரம்.

தரம் நிலைக்கு அடுத்த தட்டில் வைக்கப்படும் துணைச் செய்தி என்ற எண்ணம் தவறு என்பதை நாட்டிங்காம் குறியீட்டெண் என்னும் எளிய கணக்கு காட்டுகிறது. கட்டியின் அளவை சென்டிமீட்டரில் கொண்டு 0.2 ஆல் பெருக்கி, கணு நிலைக்கு ஒன்று முதல் மூன்று, தரத்துக்கு ஒன்று முதல் மூன்று என்று கூட்ட வேண்டும். கணுவில் நோயில்லாத, 2 செ.மீ. கட்டி முதல் தரமாக இருந்தால் 2.4, அதே கட்டி மூன்றாம் தரமாக இருந்தால் 4.4. உடலமைப்பு நிலையில் எவ்வித வேறுபாடும் இல்லாத இருவர், இக்கணக்கில் வெவ்வேறு வாய்ப்புக் குழுக்களுக்குப் போய்விடுகின்றனர்.

புராஸ்டேட் சுரப்பிக்கு டொனால்ட் கிளீசன் 1966இல் தந்த முறை வேறு வகையானது. அவர் உட்கருக்களைப் பொருட்படுத்தாமல், குறைந்த உருப்பெருக்கத்தில் தெரியும் சுரப்பி அமைப்பை மட்டும் ஐந்து வடிவங்களாகப் பிரித்தார். ஒரு கட்டியில் மிகுதியாகக் காணப்படும் வடிவத்தின் எண்ணையும் அடுத்ததன் எண்ணையும் கூட்டினால் இரண்டு முதல் பத்து வரையிலான மதிப்பெண் கிடைக்கும். காலப்போக்கில் ஒன்றாம், இரண்டாம் வடிவங்களைப் பயாப்ஸியில் குறிப்பது வழக்கொழிந்துபோக, ஆறு என்பதே மிகக் குறைந்த மதிப்பெண்ணாகியது. பத்துக்கு ஆறு என்று கேட்ட நோயாளி தம் நோய் நடுத்தரமானது என்று எண்ணினார். அது உண்மையில் மிகச் சாதுவானது. மேலும் மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழுக்கும், நான்கும் மூன்றும் சேர்ந்த ஏழுக்கும் விளைவில் வேறுபாடு இருந்தும் கூட்டுத்தொகை அதை மறைத்தது. இதைச் சீர்செய்ய 2014இல் நோயியலாளர்கள் கூடி, ஒன்று முதல் ஐந்து வரையிலான தரக் குழுக்களை ஏற்றனர். ஓர் எண்ணின் தோற்றமே சிலரைத் தேவையில்லாத அறுவைக்குத் தூண்டியிருக்கக்கூடும் என்பதை நோக்க, இது அலுவல் திருத்தமாகக் கடந்துபோகத் தக்கதன்று.

தரத்தின் பலவீனம், அது மனிதக் கண்ணின் தீர்ப்பு என்பதே. ஒரே கண்ணாடிச் சில்லைப் பார்க்கும் இரு வல்லுநர்கள் முதல் தரத்திலும் மூன்றாம் தரத்திலும் பெரும்பாலும் ஒத்துப்போவர். நடுவிலுள்ள இரண்டாம் தரத்தில்தான் கருத்து வேறுபாடு மிகும். அறுவை அறையில் வெட்டியெடுத்த திசுவை உடனே ஃபார்மலினில் இடாமல் தாமதித்தால், பிரியும் செல்களை அடையாளம் காண்பது கடினமாகித் தரம் குறைத்து மதிப்பிடப்படவும் கூடும். இக்காரணங்களால் மூளைக் கட்டிகளில் மரபணுவே நடுவராக்கப்பட்டுவிட்டது. மூளைக் கட்டிகள் நிணநீர்க் கணுக்களுக்கோ பிற உறுப்புகளுக்கோ பரவுவது அரிது என்பதால், அங்கே நிலை என்பது வழக்கிலில்லை, தரமே எல்லாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் சாதுவாகத் தோன்றும் ஆஸ்ட்ரோசைட்டோமா கட்டியில் ஐ.டி.எச். மரபணு மாற்றம் இல்லாமல், குறிப்பிட்ட வேறு சில மரபணு மாற்றங்கள் இருந்தால், அது நான்காம் தரக் கிளையோபிளாஸ்டோமா என்றே கொள்ளப்படும்.

நிலைக்கும் அதற்கே உரிய ஒரு பொறி உண்டு. ஆல்வன் ஃபைன்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், 1977ஆம் ஆண்டின் நுரையீரல் புற்றுநோயாளிகள், 1953க்கும் 1964க்கும் இடைப்பட்ட நோயாளிகளைவிட ஒவ்வொரு நிலையிலும் மேலான விளைவைப் பெற்றதாகத் தோன்றியதை எடுத்துக்கொண்டு, அம்முன்னேற்றத்தின் பெரும்பகுதி புதிய ஸ்கேன்களின் மாயம் என்று காட்டினர். கற்பனைக் கணக்கொன்று இதைத் தெளிவாக்கும். இரண்டாம் நிலையில் 100 பேர், அவர்களில் ஐந்தாண்டு வாழ்பவர்கள் 60 பேர். நான்காம் நிலையில் 100 பேர், வாழ்பவர்கள் 10 பேர். புதிய ஸ்கேன் வந்து, இரண்டாம் நிலையினரில் 20 பேருக்கு ஒளிந்திருந்த பரவலைக் கண்டுபிடித்து அவர்களை நான்காம் நிலைக்கு அனுப்புகிறது. அந்த 20 பேரில் 6 பேர் ஐந்தாண்டு வாழ்பவர்கள். இப்போது இரண்டாம் நிலையில் 80 பேருக்கு 54 பேர், அதாவது 67.5 விழுக்காடு, நான்காம் நிலையில் 120 பேருக்கு 16 பேர், அதாவது 13 விழுக்காட்டுக்கு மேல். இரண்டு நிலைகளிலும் விகிதம் உயர்ந்துவிட்டது. ஆனால் 200 பேரில் வாழ்ந்தவர்கள் முன்பும் 70 பேர்தான், இப்போதும் 70 பேர்தான். அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸின் பெயரால் அழைக்கப்படும் இந்த விளைவை மறந்து, பழைய பதிப்பின் நிலைகளையும் புதிய பதிப்பின் நிலைகளையும் ஒப்பிட்டுச் சிகிச்சையைப் புகழும் அறிக்கைகள் இன்றும் குறைவில்லை.

கடந்த சில பதிப்புகளில் நிலைக்கும் தரத்துக்கும் இடையிலிருந்த சுவர் கரைந்துவருகிறது. எலும்பு, மென்திசுச் சார்க்கோமாக்களில் தரம் நெடுங்காலமாகவே நிலையின் பகுதி. எச்.பி.வி. வைரஸால் தொண்டையில் வரும் புற்றுநோய், புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவதால், சிறிய கட்டியுடன் ஒரே பக்கக் கழுத்தில் பல கணுக்கள் இருந்து முன்பு நான்காம் நிலையில் வைக்கப்பட்டவர்கள், எட்டாம் பதிப்பில் முதல் நிலைக்கே வந்தனர். மார்பகப் புற்றுநோயில் அமெரிக்கக் கூட்டுக் குழு இன்னும் ஒரு படி சென்று, தரத்தையும், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளையும், எச்.இ.ஆர்.2 புரதத்தையும் சேர்த்து முன்கணிப்பு நிலை என்ற புதிய அட்டவணையை உருவாக்கியது. உடலமைப்பின்படி மூன்றாம் நிலையில் இருக்கும் ஒருவர், கட்டியின் இயல்பு சாதகமாக இருந்தால் அந்த அட்டவணையில் முதல் நிலைக்கே இறங்கக்கூடும். தனி நோயாளியைப் பொறுத்தவரை இது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் அட்டவணை பல பக்கங்களுக்கு நீள்கிறது. மருந்துகள் மாறும்போது அதன் அடிப்படையும் மாறும். சோதனை வசதி இல்லாத நாடுகள் பழைய உடலமைப்பு நிலையையே பயன்படுத்தலாம் என்று அக்குழுவே அனுமதித்திருப்பதால், ஒரே நோயுள்ள இருவர் இரு நாடுகளில் இரு நிலைகளில் பதிவாகின்றனர். சிகிச்சையைத் தேர்வதற்கு மருத்துவர் எப்படியும் இந்தச் சோதனை முடிவுகளையெல்லாம் தனித்தனியாகப் பார்க்கத்தான் போகிறார். அப்படியிருக்க, அவற்றை ஒற்றை எண்ணுக்குள் திணிப்பதைவிட, நிலையை நிலையாக விட்டு, மற்றவற்றைப் பக்கத்தில் எழுதுவதே ஒப்பீட்டுக்கு உகந்தது.

இந்தக் கேள்வி பதிவேடுகளில் மிகக் கூர்மையாக எழுகிறது. ஒரு நிலப்பகுதியில் புதிதாக நோயுற்ற ஒவ்வொருவரையும் கணக்கெடுக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு, நோய் கண்டறியப்பட்டபோது இருந்த நிலைதான் தேவை. நோய் பின்னர் முற்றினாலும் அந்த எண் மாற்றப்படுவதில்லை, மீண்டும் தலைகாட்டினால் அது தனிக் குறியுடன் எழுதப்படுகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் பெருநகரப் பதிவேடு போன்றவற்றின் பணியாளர்கள், பல மருத்துவமனைகளின் கோப்புகளைப் புரட்டியே தகவல் திரட்ட வேண்டியிருக்கிறது; அக்கோப்புகளில் கட்டியின் அளவும் கணுக்களின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இத்தகைய பதிவேடுகளுக்காகவே பன்னாட்டு ஒன்றியம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து, சுருக்க டி.என்.எம். என்ற எளிய வடிவத்தை வகுத்திருக்கிறது. அது வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கி, தொலைவிலுள்ள உறுப்பில் பரவல் உண்டா என்பதை முதலில் கேட்கிறது. உண்டு என்றால் நான்காம் நிலை என்று எழுதி அத்துடன் நிறுத்திவிடலாம். இல்லையென்றால் மட்டுமே கணுக்களைப் பற்றியும், கட்டி தோன்றிய உறுப்பைவிட்டு எவ்வளவு வெளியேறியிருக்கிறது என்பதைப் பற்றியும் பதிவாளர் தேட வேண்டும்.